பத்து வருசத்துக்கு

நண்டுவெளி என்ற பெயரைப்
பத்து வருசத்துக்கு வாங்கிவிட்டது லீசிங் கம்பனி.
கையெழுத்து: கழகச் செயலாளர் எமிலியான்.
பதிலுக்கு நாலு விளக்குக் கம்பம்,
கிழியாத வலை,
குருநகர்க் கடற்காற்றுக்குக் கிடுகிடுக்கும் தகரக் கூரை.

திறப்பு விழா ஆட்டம்.
கோலுக்குள் றெக்சன்.
போன மாசியில்
அவன்ர ஓட்டோவை இழுத்துக்கொண்டு போனவர்களின் பெயர்
இப்போது அவன் முதுகில்,
மஞ்சள் எழுத்தில்.

பெனால்டி.
பொய் சொல்லக் கூடாது,
வெளிச்சம் நல்ல வெளிச்சம்.
பந்தின் தையல்கூடத் தெரிந்தது.
பாய்ந்து பிடித்தான்.
ஒலிபெருக்கி கம்பனிப் பெயரை
மூன்று தரம் கூவியது;
நாங்களும் கை தட்டினோம்.

நடந்துதான் வீட்டுக்குப் போனான்.

விடிய, கொடியில் அந்தச் சட்டை
உள்பக்கம் வெளியே தெரியக் காய்ந்தது.
கேட்டதற்கு,
வெயிலுக்குச் சாயம் போயிடும் என்றாள்
அவன்ர மனிசி.