கடைசி இருப்பிடம்

சாதனத்தை அறிய முடியவில்லை என்றது திரை.
பிடோக்கில் நாற்பது வெள்ளிக்கு வாங்கிய
தொலைநோக்கித் தாங்கி.
திரு கோ தந்த பெட்டியில்
கேபிள் இருந்தது, திருகாணி இருந்தது,
டிஸ்க் உறை மட்டும் காலி.

"டிரைவர் கிடைக்கல."
"என் தம்பியக் கூப்பிடுங்க, 858 ஓட்டுறான்ல"
சொல்லிவிட்டுத் தூங்கப்போனாள் யாழரசி.

செய்த கம்பெனி மூடிப் பதினொரு வருடம்.
மூன்று டிரைவர் இறக்கி, மூன்றையும் அழித்து
நாலாவதைப்
பழைய எக்ஸ்பி மடிக்கணினிக்கு ஊட்டினேன்.
இரண்டே காலுக்கு
மோட்டார் ஒருமுறை செருமியது.

கடைசி இருப்பிடம்: மெர்சிங்.
2°26′ வடக்கு.

யீஷூனில், பதினான்காம் மாடித் தாழ்வாரத்தில்
ஆரஞ்சு மேகத்துக்குக் கீழே
அது இன்னும்
அந்தக் கடற்கரை இருட்டில் நிற்பதாகவே நினைத்து
மெல்லத் தலையைத் திருப்பி
எதையோ தேடியது.

இடத்தை மாற்றவா?

இல்லை.
காலையில் பார்க்கலாம்.