அசல்

சாட்ஸ்வொர்த்தில் மழை விடாத மதியம்.
பைன்டவுனிலிருந்து போன். யுவேஷ் நாயக்கராம்.
"ஆன்ட்டி, உங்கள் கார்ட்டினா இப்போது என்னிடம்."
பின்சீட்டுக்கு அடியில்
என் வீட்டுக்காரர் பெயர் போட்ட ஒரு காகிதம் கிடைத்ததாம்.
எந்தக் கார்ட்டினா என்று நான் கேட்கவில்லை.
இருந்தது ஒன்றுதான்.
தொண்ணூறில், எண்ணூறு ராண்டுக்கும் ஒரு வாஷிங் மெஷினுக்கும்
தள்ளிவிட்டோம்.
மெஷின் நன்றாக உழைத்தது.

"மஞ்சள் வண்டிதானே?" என்றேன்.
மஞ்சள் என்றால் அவனுக்கு வலிக்கிறது.
கம்பெனி அந்த நிறத்துக்கு வைத்த பெயர் வேறாம்,
அந்தப் பெயர் போட்டுக் கலக்கித் தர
லிட்டருக்குத் தொள்ளாயிரமாம்.

கேட்காமலே கணக்கு ஒப்பித்தான்.
ஓடாத வண்டி, வெறும் கூடு, எண்பத்தைந்தாயிரம்.
ஐந்து வருடம் முன்னால் அதே கூடு இருபது.
பின்விளக்கு ஒரு ஜோடி ஆஸ்திரேலியாவிலிருந்து;
சுங்க வரி விளக்கை விடப் பிரகாசம்.
கண்ணாடியைச் சுற்றும் ரப்பருக்கு
எட்டு மாதம் காத்திருப்பு.
ஜேக்கப்ஸ் பட்டறையில் தகரம் வெட்டி ஒட்டியவனுக்கு
கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் பாதி.
கல்யாணம்?
"அவள் காத்திருக்கிறாள், ஆன்ட்டி."
மீதிக்கு பேங்க். பதினான்கு சதவீதம்.
இரண்டு வருடமாகக் கட்டுகிறான்,
அசல் அசையவே இல்லை.

"அடிப்பக்கம் சல்லடை. கடல் காற்று தின்றுவிட்டது.
கரூ பக்கத்து வண்டியில் துரு இருக்காது,
ஆனால் அதை வாங்க வீட்டை விற்கணும்."
அந்தத் துருவை எனக்குத் தெரியும், தம்பி.
நம் ஆட்களுக்கென்று அப்போது அளந்து விட்ட
துண்டுக் கடற்கரையில்
ஞாயிறு முழுக்க நாலு கதவும் திறந்து கிடக்கும்.
பாதி காற்று செய்தது.
பாதி, என் பிள்ளைகள் நனைந்த காலோடு ஏறியது.

கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.
முதல் ரசீது இருக்கிறதா?
காகிதம் இருந்தால் வண்டி மதிப்பு ஏறுமாம்.
ஆறாயிரம் தருவானாம், ரசீதுக்கு மட்டும்.

வண்டியே இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து.
முப்பத்தாறு தவணை.
அதில் பதினெட்டு என் காலர்கள்:
காங்கெல்லா சட்டை ஃபேக்டரியில்
ஒரு நாளைக்கு இருநூறு காலர் தைத்த கை இது.
ரசீது இருக்கிறது. தையல் மெஷின் இழுப்பறையில்,
நீலக் கார்பன் எழுத்தில் அவர் பெயர்.
என் பெயர் இல்லை. அப்போது யார் போட்டார்கள்?
ஓட்டவும் விடவில்லை.
கிளட்ச் போய்விடுமாம்.

"எஞ்சின் அசல்தானே, ஆன்ட்டி?"

கண்ணாடியைத் தேடி எடுத்து ரசீதைப் பிரித்தேன்.
கீழ் ஓரத்தில் யாரோ ஒரு கிளார்க்
பொறுப்பாக எழுதிவைத்திருக்கிறான் எஞ்சின் எண்ணை.
எண்பத்தொன்றில், ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில்,
புகை கக்கி அது செத்துப்போனது.
வெளியில் தெரியாமல் உள்ளே ஏறியது
நொறுங்கிய டாக்சி ஒன்றின் எஞ்சின்.
இந்தக் காகிதம் அவன் கைக்குப் போனால்
ஏறும் விலையெல்லாம் இறங்கிவிடும்.
போகாவிட்டால், ஒருவேளை, கல்யாணம்.

உள்ளே கிரிக்கெட் சத்தத்தின் நடுவே
"யாரு?" என்றார் அவர்.
"ராங் நம்பர்" என்றேன்.

"ஆன்ட்டி, இருக்கீங்களா?"

இருக்கிறேன்.
பணம் வேண்டாம். சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வா.
நான் ஓட்டுவேன், நீ பக்கத்தில் உட்கார்.
ஐம்பது வயதில் எடுத்த லைசென்ஸ்,
இன்னும் இரண்டு வருடம் செல்லும்.
கடற்கரை வரை. இப்போது எந்தத் துண்டுக்கும் போகலாமே.
ரசீது என் கைப்பையில் இருக்கும்.
எஞ்சின் பற்றி அங்கே போய்ப் பேசிக்கொள்வோம்,
சன்னலை இறக்கிவைத்து.

புது கார்பெட், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறணும் என்றான்.
சரி என்றேன்.
திரும்பும்போது கால் நனைந்திருக்கும்.
துடைக்கமாட்டேன்.