சிக்காகோ மூட்டை

மூட்டை ஒன்றுக்கு ஒரு கோடு.
ஐந்தாவது, நாலையும் குறுக்கே வெட்டும்.
மணவாளக்குறிச்சிக் கிட்டங்கியில்
எனக்கு அதுதான் வேலை.
மஞ்சள் மணலுக்கு மட்டும் கணக்கு.
கறுப்பை வள்ளியாற்று முகத்தில் கொட்டுவார்கள்,
கடல் அதைத் திருப்பித் தள்ளும்.

சாக்கின் முதுகில் மையில் எழுதிய பெயரை
விரலால் தடவிப் பார்த்தாள் வியாகுலம்.
“இது எந்தப் பயலுக்க பேரு?”
பெயரில்லை, ஊர், சிக்காகோ என்றேன்.
“அவிய கடப்புறத்தில மண்ணு இல்லியா?”

துரை ஒருநாள் காட்டினான்:
நூலில் பின்னிய சின்ன உறை,
கைக்குழந்தையின் காலுறை அளவு.
தீ வைத்தான். நூல் போயிற்று.
சாம்பல் மட்டும் உறையாகவே நின்று
வெள்ளையாய் எரிந்தது.
தொட்டால் உதிரும் என்றான்.
உங்கள் மணலின் சத்து என்றான்.
அந்தத் தெருக்களில் இரவே இல்லை என்றான்.
அன்றைக்கும் புன்னைக்காய் எண்ணெய் விளக்கில்தான்
கணக்கை எழுதி முடித்தேன்.

மாசியில் குளச்சலுக்கு வந்த கப்பலில்
கரி அள்ளுகிறவன் ஒருவன்
கையை வேகவைத்துக்கொண்டான்.
நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய்
கட்டோடு திரும்பி
மூட்டை ஏறி முடியும்வரை
கிட்டங்கி நிழலில் இருந்தான்.
பெயர் ஏசாயா.
எங்கள் சபையிலும் இரண்டு ஏசாயா உண்டு.
வியாகுலம் அவனை ஏறஇறங்கப் பார்த்தாள்:
“இவன் ராஜாக்கமங்கலத்துக்காரனாக்கும்,
வேசம் போடுதான்.”

அவன் ஊரும் சிக்காகோதான்.
நான் வெளிச்சத்தைக் கேட்டேன்.
அவன் ஏரியைச் சொன்னான்.
மறுகரை தெரியாத ஏரி, உப்பில்லாத தண்ணீர்.
போன ஆடிக்கு முந்தின ஆடி, நல்ல வெயில்,
கட்டையைப் பிடித்து மிதந்தான் ஒரு பையன்.
ஒரு பக்கம் வெள்ளையர் குளிக்கும் கரை,
இந்தப் பக்கம் இவர்களுடையது.
நடுவில் கோடு.
பையன் மிதந்து தாண்டிவிட்டான்.
கல் வந்தது.
பையன் வரவில்லை.
பிறகு ஒரு வாரம் ஊர் எரிந்தது.
“அந்த வெளிச்சத்துக்கு
உன் மணல் தேவைப்படவில்லை.”

நான் தமிழில் சொன்னேன்.
வியாகுலம் கடவத்தை இறக்கி வைத்தாள்.
“தண்ணியில ஆருடே கோடு வரஞ்சா?
அல வந்து அழிச்சிராதா?”
அதை ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டேன்.
கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
கல் வைத்திருந்தவனுக்குத் தெரிந்தது.

சுசீந்திரத்தில் ஒரு தெரு உண்டு.
தேர் போகும், நாய் போகும்.
என் தகப்பனார் ஈரவயல் வரப்பில் சுற்றிப் போவார்.
மிஷன் பள்ளிச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு
நானும் சுற்றித்தான் போகிறேன்.
அதை ஏசாயாவிடம் சொல்லியிருக்கலாம்.
வாய்வரை வந்தது,
ஆங்கிலத்தில் வரவில்லை.

மறுநாள் வள்ளத்தில் ஏறிப் போனான்,
மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம்:
மஞ்சள் போதும். மின்சாரம் வந்துவிட்டது.
இனிக் கறுப்பு அனுப்பவும்.
கறுப்பு மணலை அமிலத்தில் வேகவைத்தால்
வெள்ளைச் சாயம் கிடைக்கிறதாம்,
அமெரிக்காவில் வீட்டுச் சுவர்களுக்குப் பூச.

கொட்டியவர்களே தோண்டுகிறார்கள் இப்போது,
ஆற்று முகத்தில், இடுப்பளவு தண்ணீரில்.
சேதி கேட்ட வியாகுலத்துக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
“கறுப்ப அவிச்சா வெளுப்பு வருமா?
அப்பம் எங்கள இத்தன வருசம்
வெயில்ல போட்டு அவிச்சது
என்னத்துக்குவே?”

துரை என்ன என்று கேட்டான்.
கூலி கேட்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

புதுப் பக்கம்.
மூட்டை ஒன்றுக்கு ஒரு கோடு.
ஐந்தாவது கோடு
நாலையும் தாண்டிப் போகிறது.
ஒன்றும் ஆகவில்லை.