ஆறுதலா வாங்கோ

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில்
ஒரே படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
தாய்மொழி: தமிழ்.
நாடு: இலங்கை.
இரண்டுக்கும் நடுவே
பேனா கொஞ்சம் மை கசிந்தது.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
"தமிழ் நல்லா பேசறீங்களே" என்றார்.
நன்றி சொன்னேன்.
வேறு என்னத்தைச் சொல்ல.

முதல் வீடு கறியால் போனது.
ஆழ்வார்திருநகரில் மாடிப் போர்ஷன்,
கிழக்குப் பார்த்த வாசல்,
இரண்டு வேளை மோட்டார்.
வைத்தமாநிதி சார் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"கறி சாப்பிடுவீங்களா?"
இதென்ன கேள்வி எண்டு
"மூண்டு நேரமும் கறிதான்" என்றேன்.
கத்தரிக்காயை நினைத்துச் சொன்னேன்.
பயிற்றங்காயை, தேங்காய்ப்பாலில் கொதிக்கும்
முருங்கைக்காயை நினைத்துச் சொன்னேன்.
அவர் எந்த மிருகத்தை நினைத்தாரோ,
சாவி சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது.

வடபழனிப் பேருந்தில் கதவோரம் நின்று
"இறக்கம்!" என்று கத்தினேன்.
இரண்டு பேர் சன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.
சாலையில் பள்ளங்கள் நிறைய,
இறக்கம் எங்கும் இல்லை.
அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
வெயிலில் திரும்பி நடந்தேன்,
"ஸ்டாப்பிங், ஸ்டாப்பிங்" என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி.

மளிகைக் கடை செல்லக்கிளிக்கு
என்மேல் ஒரு குறை.
"என்னக்கா, எங்கூடப் பேசவே மாட்டேங்கறீங்க."
எங்கள் பக்கம் பேசுவது என்றால் ஏசுவது.
அம்மா பேசுவா. கணக்கு வாத்தியார் பேசுவார்.
கடன் கொடுத்தவன் படலையில் நின்று
ஊர் கேட்கப் பேசுவான்.
மற்றதெல்லாம் கதைப்பது.
"உங்களைப் பேச எனக்கென்ன காரணம்" என்றேன்.
அவள் ஒரு கணம் யோசித்தாள்,
பிறகு நான் கேட்ட சீனியைச்
சர்க்கரை என்று எழுதிக் கூட்டினாள்.
என் சர்க்கரை கருப்பு.
அவளுடையது வெள்ளை.
இனிப்பில் தகராறு இல்லை.

இரண்டாம் வீட்டில் குழாய் சொட்டியது.
பிளம்பர் முனிரத்தினத்துக்குப் போன் அடித்து
"அண்ணை, ஆறுதலா வாங்கோ" என்றேன்.
கைவேலை எல்லாம் முடித்து, சாப்பிட்டு,
மெல்ல வாருங்கள் என்று அர்த்தம்.
பத்தே நிமிடத்தில் வந்து நின்றார்.
சட்டை மாற்றியிருந்தார். கையில் பை இல்லை.
செருப்பை வாசலுக்கு வெகு தள்ளிக் கழற்றிவிட்டுத்
தாழ்ந்த குரலில் கேட்டார்:
"யாருக்கும்மா?"
"குழாய்க்கு" என்றேன்.

அவர் சிரித்து முடிக்க
ஒரு தேநீர் ஆறிப்போனது.
இரவு விளக்கணைத்த பிறகுதான் உறைத்தது,
இந்த நகரத்தில் என் வீட்டில்
ஒரு சாவு விழுந்தால்
சட்டை மாற்றிக்கொண்டு வர
ஒரு ஆள் இருக்கிறார்.
மகளை எழுப்பிச் சொல்ல நினைத்தேன்.
அவள் தூக்கத்தில்
"போம்மா, காலைல பேசிக்கலாம்" என்றாள்.
என்னைப் பேசவா,
என்னோடு பேசவா?

போன மாசம் அம்மாவின் அழைப்பு.
ஏதோ கேட்டா.
"ஆமாம்மா, ஆமா" என்றேன்.
மறுமுனையில் கடல் மாதிரி ஒரு இரைச்சல்,
அதற்குப் பிறகு அம்மா:
"உது ஆர் கதைக்கிறது?"
ஓம், நான்தான் என்றேன்.
அந்த ஓமைத் தேடி எடுக்க
ஒரு மூச்சு பிடித்தது.

கார்த்திகை மழையில்
மாடித் தொட்டியின் வால்வு தெறித்தது.
குளியலறை நிரம்பி, வாசற்படி தாண்டி,
கூடத்துக்குள் தண்ணீர்.
மகளின் பாடப்புத்தகங்களைக்
கட்டில்மேல் எறிந்துகொண்டே
முனிரத்தினத்துக்குப் போன்.
கெதியா என்ற சொல்
நாக்கின் எந்த மூலையிலும் அகப்படவில்லை.
"சீக்கிரம் வாங்க, சீக்கிரம்!" என்று அலறினேன்.

மழைக்கு மேலாக அவர் குரல்,
கற்றுக்கொண்ட பெருமையோடு,
ஒவ்வொரு எழுத்தாக:
"சரிம்மா. ஆறுதலா வரேன்."

கணுக்கால் வரை தண்ணீர்.
வாளியை எடுத்தேன்.