கடிகாரக்காரி

பகலில் எனக்கு அறை வேலை.
விடுமுறை முகாமின் மரவீடுகளில்
படுக்கை விரிப்பு மாற்றுகிறேன்.
பிப்ரவரியில் போர்த்கால் கடலுக்கு
யாரும் குளிக்க வருவதில்லை.
நீளப் பெட்டிக்குள் கியூவை வைத்துக்கொண்டு
இவர்கள்தான் வருகிறார்கள்.
கோடையில் பிங்கோ நடக்கும் கூடத்தில்
பதினாறு மேசை, நீலத் துணி,
உருளைக்கிழங்கு வறுத்த எண்ணெய் வாடை.

போன வருடம் கடிகாரம் பார்த்த பையன்
கார்டிஃபுக்கு வேலை மாறிப் போய்விட்டான்.
"பொத்தான் அமுக்கத் தெரியுமா?" என்றார்கள்.
தெரியும் என்றேன்.
இப்படித்தான் முப்பது நொடி
என் கைக்கு வந்தது.

பந்துகள் நின்றதும் ஓர் அமுக்கு.
கியூவின் நுனி வெள்ளையைத் தொட்டதும் இன்னொன்று.
ஐந்து மிச்சமிருக்கையில் கூவத் தொடங்கும்.
ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒருமுறை
கூடுதல் நேரம் கேட்கலாம்.
(எரிவாயுக் கம்பெனியிடம் நானும் கேட்டிருக்கிறேன்.)

மூன்றே நாளில்
முப்பது நொடியின் உடம்பு பழகிவிட்டது.
முதல் பத்தில் சாக்கட்டி தேய்ப்பார்கள்,
மேசையைச் சுற்றுவார்கள்,
கட்டிலடியைப் பார்க்கும் பூனைபோல்
குனிந்து பார்ப்பார்கள்.
நடுப்பத்து நீளமானது,
ஒரு தலையணைக்கு உறை போட்டுவிடலாம்.
கடைசிப் பத்து இருக்கிறதே,
அது பத்தே இல்லை.

டெர்ரியிலிருந்து வந்த ஃபிண்டனுக்கு
எட்டு நொடி போதும்.
அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்து
முழங்காலில் துண்டை விரித்துக்கொள்வான்.
கெத்தின் அப்படியில்லை.
மைஸ்டெக்கில் சாரம் கட்டுகிறவன்,
ஒவ்வொரு குழாயையும் இருமுறை ஆட்டிப் பார்த்த பிறகே
காலை வைக்கிற ஜாதி.
அவன் கட்டிய சாரத்தில் ஏறித்தான்
என் புகைபோக்கியைப் பூசினார்கள்.
பாதிக் காசுக்கு மேல் வாங்கவில்லை.

மூன்றாம் வரிசையில் அவன் மனைவி மெரெரிட்.
சிப்ஸைக் கடித்தால் சத்தம் வரும் என்று
ஒவ்வொன்றாய் வாயில் ஊறவைத்து
விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இறுதிப் போட்டி. ஒன்பதுக்கு ஒன்பது.
கடைசி ஆட்டத்தில் கெத்தினின் சிவப்பு எல்லாம் உள்ளே போயிற்று.
கறுப்பு மட்டும்,
நடுக்குழிக்கு ஒரு சாண் தள்ளி.
வெள்ளையோ விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.
கூடுதல் நேரத்தை எப்போதோ
ஒரு மஞ்சளை மறைக்கச் செலவழித்திருந்தான்.

குனிந்தான்.
கூரைத் தகட்டைக் காற்று ஒரு தட்டுத் தட்டியது.
நிமிர்ந்தான்.
கெத்தின், வேண்டாம், நிமிராதே என்று
என் வாய்க்குள் யாரோ சொன்னார்கள்.
கூவத் தொடங்கியது.
மறுபடி குனிந்தான்.
மூன்று. இரண்டு.
கியூ பின்னால் போயிற்று,
மணி அலறியது,
கறுப்பு விழுந்தது.

கூடம் எழுந்து கத்தியது.
மெரெரிட் எழுந்திருக்கவில்லை.
நடுவர் மட்டும் என் பக்கம் திரும்பினார்.
எது முன்னே, எது பின்னே?
நானூறு பேர் இருந்த இடத்தில்
அதைப் பார்க்கச் சம்பளம் வாங்கியவள் ஒருத்திதான்.
ஒரு நொடியை இன்னும் பிளக்கலாம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது,
பிளந்த இடத்தில்
என் புகைபோக்கி நிற்பதும்.

தாமதம் என்றேன்.

பிழையடியில் கறுப்பு விழுந்தால்
ஆட்டமே போயிற்று. அதுதான் விதி.
கத்தியவர்கள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.
ஒருவர் என் அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்.

கெத்தின் கியூவை இரண்டாய்க் கழற்றி
பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு
என் மேசைக்கு வந்தான்.
திரையில் இன்னும் பூஜ்யம்.
"சத்தம் கேட்டது," என்றான்,
"அப்புறம்தான் அடித்தேன்.
கை கிளம்பிவிட்டது, நிறுத்த முடியவில்லை."
சற்று நின்று,
"புகைபோக்கி ஒழுகுகிறதா?" என்றான்.
இல்லை என்றேன்.

பின்னால் எங்கோ
மெரெரிட் ஒரு சிப்ஸைக் கடித்தாள்,
கூடம் முழுக்கக் கேட்கும்படி.

கோப்பையைத் தூக்கச் சொல்லி அழைத்தார்கள்.
ஃபிண்டன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்,
மடித்ததைப் பிரித்து மறுபடி.
அவனுக்கு அப்போது
யாரும் நேரம் பார்க்கவில்லை.