கிளிப் பெட்டி

சிம் லிம் டவரில் டிரான்ஸ்பார்மருக்கு
பேரம் பேசாமல் கொடுத்தேன்.
பெட்டிக்குக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.
சீனப் புத்தாண்டுக்கு வந்த பிஸ்கட் டின்னில்
குடியேறியது ஆம்ப்ளிபையர்.

முகப்பில் கிளி.
கிளியின் கண்ணில் சிவப்பு விளக்கு.
ஒலிக் குமிழ் நடுவில் இல்லை,
அரை அங்குலம் இடப்பக்கம்:
இரவு பத்தரைக்கு மேல் துளையிட்டேன்,
கீழ்வீட்டார் கதவைத் தட்ட
கை நழுவிவிட்டது.
உள்ளே கம்பிகளை
வகிடெடுத்துச் சீவிவைத்திருக்கிறேன்.
யார் திறந்து பார்க்கிறார்கள்?

"காதால்தானே கேட்கிறோம்" என்றேன்.
"கூடத்தில் கண்ணும்தான் உட்கார்ந்திருக்கு"
என்றாள் தவமலர்.
விருந்தாளி வந்தால் அதன்மேல்
பூப்போட்ட துண்டு.
ஒருமுறை மூச்சுமுட்டிக் கருகியது.
ரசம் தீய்கிறதென்று
அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

வெங் கியோங்கின் பெட்டி
உட்லண்ட்ஸ் பட்டறையில் வெட்டிய அலுமினியம்.
ஒரு திருகாணி கண்ணில் படாது.
பார்த்ததுமே
பாட்டு கொஞ்சம் தெளிந்துவிட்டது போலிருந்தது.
உள்ளே இருப்பது என்னுடைய அதே சர்க்யூட்.
அப்படித் தோன்றியதை ஒப்புக்கொள்ள
எனக்கு மூன்று வாரம் ஆனது.

பிறகு ஒரு தேக்குப் பலகை வாங்கினேன்.
அளந்தேன்.
கட்டிலுக்கடியில் கிடக்கிறது,
பென்சில் கோடுகளோடு.

நேற்று நடுநிசி, நல்ல மழை.
விளக்கணைத்து நாகஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
தூக்கத்தில் எழுந்து வந்தாள்
சத்தத்தைக் குறைக்க.
இருட்டில் அவள் விரல்
எதையும் தடவித் தேடவில்லை.
நேரே போனது,
அரை அங்குலம் இடப்பக்கம்.

காலையில் மறுபடி துண்டு.
அவள் சித்தப்பா வருகிறாராம்.