இலக்கம் தொண்ணூற்றேழு

வெசாக் இரவொன்றில் விண்டோஸ் போனது,
நீல முகத்தோடு, மன்னிப்புக் கேட்டபடி.
மிஞ்சியது ஒலிப்பதிவு மென்பொருளின் உரிமம் மட்டும்,
டொலர் நூற்றைம்பதாய் இருந்த காலத்தில் வாங்கினது.
இன்னொன்று வாங்குவதென்றால்
வெள்ளவத்தையில் இந்த அறைக்கு வாடகை கொடுக்க ஏலாது.
ஆகவே லினக்ஸ். அதற்குள் வைன்.
மென்பொருளுக்கு நான் விஷயத்தைச் சொல்லவில்லை.
தான் இன்னும் சி டிரைவில் குடியிருப்பதாய் அது நம்புகிறது.
ஒரு கோப்புறை
கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று
சி டிரைவாய் நடிக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி
திரேசா கொறைரா வந்தா.
வேலை, வங்கிக்கு வரிசைக் குரல்:
இலக்கம் இத்தனை, கருமபீடம் இத்தனை,
ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை.
சிங்களமும் ஆங்கிலமும் எப்போதோ முடிந்துவிட்டன.
தமிழ் நாளைக் காலைக்கு வேண்டுமாம்.

முதல் பதிவைப் போட்டுக் காட்டினேன்.
"இது நானில்லை, என்ர அண்ணன்" என்றா.
கருவி நாற்பத்தெட்டாயிரத்தில் அளந்ததை
மென்பொருள் நாற்பத்துநாலாயிரத்து நூறென்று எழுதிவைத்திருந்தது.
அந்த வித்தியாசத்துக்குள்
ஒரு பெண்ணின் தொண்டை தடித்துப்போகிறது.

அது சரியாக, வெடிப்புத் தொடங்கியது.
எங்கோ ஒருவன் அப்பளம் தின்கிறான்,
நான்கு செக்கனுக்கு ஒரு கடி.
பஃபர் அறுபத்துநாலு.
நூற்றிருபத்தெட்டு.
ஆயிரத்து இருபத்துநாலில் அப்பளம் தீர்ந்தது.
ஆனால் அவவின் குரல் ஹெட்போனில்
அவவுக்கே பிந்தி வந்தது.
பதினேழு சொல்லி,
பதினேழு கேட்டு,
பதினெட்டில் தடுக்கி நின்றா.
"ஆரோ என்னைப் பார்த்துக் கொப்பி அடிக்கினம், தம்பி."

இரண்டு மணித்தியாலம்.
என் பெயரை ஓடியோ குழுவில் சேர்த்தேன்.
பஸ்ஸில் மதகுருமாருக்கு ஒதுக்கிய ஆசனம்போல்
ஒலிக்கு ஒரு முன் ஆசனம் எழுதிவைத்தேன்:
நெரிசலில் யார் தொங்கினாலும் அது உட்கார்ந்தே வரவேண்டும்.
வைஃபையை நிறுத்தினேன்.
கேபிளை ஹப்பிலிருந்து பிடுங்கி நேரே செருகினேன்.
ப்ரொசெசரிடம் மின்சாரம் மிச்சம் பிடிக்காதே என்றேன்,
கரண்ட் பில் மேசையில்
அதற்கு முகம் தெரியாதபடி கவிழ்ந்து கிடந்தது.
ரயில் போகும்வரை பொறுத்தோம்.
பாண் ஓட்டோ தன் மெட்டோடு ஒழுங்கையை விட்டுப் போகும்வரை பொறுத்தோம்.
அதற்குள் திரேசா கருவியின் முகத்தைப் பார்த்து
"இந்தத் திருகாணி என்னத்துக்கு?" என்றா.
நேரடியாகக் கேட்பதற்கு.
கணினிக்குள் போகாமலே காதுக்குத் திரும்பிவர.
மூன்று வருடமாய் என் முழங்கை படும் இடத்தில் இருந்தது.

தடங்கல் எண்ணி: பூச்சியம்.
எழுபது. எண்பத்தைந்து. பூச்சியம்.
தொண்ணூற்றேழில் ஒரு டிக்.

திரும்பவும் பஃபருக்குப் போனேன்.
திரும்பவும் அந்தக் கோப்பு, அந்த வரி.
அலையைப் பெருப்பித்துப் பார்த்தேன்,
ஊசி மாதிரி ஒன்று, ற்-றுக்கும் றே-க்கும் நடுவில்.
வைனைச் சந்தேகித்தேன். கேர்னலைச் சந்தேகித்தேன்.
பூச்சியம் என்று காட்டிய எண்ணியையும் சந்தேகித்தேன்.
திரேசா நாக்கை நீட்டினா.
நுனியில் ஒரு தொண்டைக் குளிசை,
பாதி கரைந்து, கண்ணாடிபோல்.
"பல்லில பட்டிருக்கும்."

இரவு ஒன்பது. அவவுக்குக் கடைசி பஸ்.
நான் அந்த டிக்கை வெட்டவில்லை.

அடுத்த மாதம் பம்பலப்பிட்டிக் கிளையில்
எனக்குக் கிடைத்த துண்டு முப்பத்தொன்று.
வேலை முடிந்தும் எழும்பாமல் இருந்தேன்.
காவலாளி இரண்டு தரம் பார்த்தான்.
இலக்கம் எண்பத்தாறு, கருமபீடம் இரண்டு.
இலக்கம் எண்பத்தேழு.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தார்கள்.
எண்பத்தெட்டு.
மூன்று மணிக்கு இரும்புக் கதவை இழுத்துவிட்டார்கள்.